ஆர்தர் கொடுத்த பிடி

தூசி என்று சொல்லிவிட்டால் எல்லாருக்கும் நல்லது. கோலார் தங்கவயல் ஊரிகத்தில் பிரேக்கர் ஒர்க்‌ஷாப் நடத்தும் ஜெயகரன் காலையிலிருந்து இதையே ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஃபிட்டர்களிடம் அதட்டலாக, ஸ்டோர்காரரிடம் செல்லமாக. டெஸ்டிங் பகுதிக்குப் பொறுப்பான ஆனியிடம் மட்டும், காய்ச்சலுக்கு மாத்திரை எழுதிக் கொடுக்கும் டாக்டரைப் போலச் சாதாரணமாகச் சொன்னார்.

“தூசி, ஆனி. அவங்க ஸ்டோர்ல போட்டு வச்சிருந்த லட்சணம் அப்படி. நம்ம கையிலருந்து போறப்ப நல்லாத்தான் போச்சி. நாளைக்குக் கமிட்டி கேட்டா அவ்ளோதான் பதில்.”

ஆனி தலையை ஆட்டவில்லை. அவள் கழுத்துக்கு அந்தப் பழக்கமே கிடையாது என்று ஒர்க்‌ஷாப்பில் ஒரு பேச்சு உண்டு. டிப்ளமா முடித்து இங்கே சேர்ந்தவள், அவள் முத்திரை விழாமல் ஒரு பெட்டியும் வாசலைத் தாண்டாது. அதனாலேயே பாதிப் பேருக்கு அவளைக் கண்டால் ஆகாது. அதைப் பற்றி அவள் என்றைக்கும் கவலைப்பட்டதில்லை.

விஷயம் இதுதான். எங்கோ தொலைவில் இருக்கும் ஓர் அணுமின் நிலையத்துக்கு இந்த ஒர்க்‌ஷாப் பழைய பிரேக்கர்களை, அதாவது கோளாறு வந்தால் தானே விழுந்து மின்சாரத்தை வெட்டிவிடும் பெரிய சுவிட்ச்சுகளை, புதுப்பித்துக் கொடுத்துக்கொண்டிருந்தது. வழக்கமான ஒரு சோதனையில், விழச் சொன்னபோது ஒரு பிரேக்கர் உடனே விழவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு விழுந்தது. அதற்குத் துணையாக இன்னொன்று இருந்ததால் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அணு பாதுகாப்பைக் கண்காணிப்பவர்களுக்குத் தூக்கம் போய்விட்டது. ஒரு ஆய்வுக் கமிட்டி போட்டார்கள். யோசித்த பிரேக்கரைப் பெட்டியில் வைத்து, அதைப் புதுப்பித்த ஊருக்கே அனுப்பினார்கள். பின்னாலேயே தாங்களும் வருவதாகச் சொன்னார்கள்.

கமிட்டியில் இளையவள் மம்தா. பெங்களூர்ப் பெண், கன்னடம் கலந்த தமிழ் பேசுவாள். மற்றவர்களுக்கு ஒரு நாள் முன்னதாகவே வந்து, ஆனியோடு உட்கார்ந்து அந்தப் பிரேக்கரைப் பிரித்துப் பார்த்தாள். இது அங்கே எதற்கு என்று ஆனி கேட்டதும் அவளுக்கு ஆச்சரியம்.

“உங்களுக்கு ஹேளலையா, யாரும் சொல்லலையா?”

“ரெண்டு தடவ கேட்டேன். அணு சமாச்சாரம், கேக்கக்கூடாதுன்னாங்க. வந்த டிராயிங்ல அந்த வரி மேல கருப்பு மை பூசியிருந்துச்சி.”

மம்தா ஒரு சாக்பீஸை எடுத்துத் தரையிலேயே படம் போட்டாள். உலையை அடக்கும் தண்டுகள் மேலே தொங்குகின்றன. அவற்றைக் காந்தம் பிடித்துக்கொண்டிருக்கிறது. காந்தத்துக்கு மின்சாரம் இந்தப் பிரேக்கர் வழியாகப் போகிறது. ஏதாவது கோளாறு என்றால் பிரேக்கர் விழும், காந்தம் கையை விடும், தண்டுகள் உள்ளே இறங்கும், உலை அணையும். பிரேக்கர் விழாவிட்டால் தண்டுகள் மேலேயே நிற்கும்.

ஆனி சாக்பீஸ் கோட்டைப் பார்த்தாள். பிறகு மேஜைமேல் பிரிந்து கிடந்த பிரேக்கரின் லாட்ச்சை, அதாவது அதை விழாமல் தாங்கும் சின்னக் கொக்கியை, விரலால் தடவினாள். கொக்கி உட்காரும் இடத்தில் பள்ளம் ஒரு நூல் ஆழமாக இருந்தது. அதில் அரம் போன தடம் விரலுக்குத் தெரிந்தது. தங்கவயல் சுரங்கத்தில் வைண்டிங் எஞ்சின் பக்கம் வேலை செய்தவர்கள் யாருக்கும் அந்தத் தடத்தைப் பார்த்தால் புரியும். அவள் புருஷன் ஆர்தர் அங்கே வேலை செய்தவன், இப்போது இங்கேயே ஃபிட்டர்.

ஆண்டர்சன்பேட்டையில் அவர்கள் வீட்டில் அன்று மாலை களியும் கருவாட்டுக் குழம்பும். ஆர்தர் இரண்டாவது உருண்டையைக் கிள்ளியபோது ஆனி கேட்டாள்.

“இன்னாங்க, அந்த அணுமின் பிரேக்கருக்கெல்லாம் நீங்க பிடி குடுத்தீங்களா?”

“குடுக்காம? பிடி குடுக்காம நான் எந்த பிரேக்கர அனுப்பிக்கிறேன்?” என்றான் ஆர்தர். அவன் முகத்தில் பெருமைதான் இருந்தது.

பிடி கொடுப்பது என்றால் என்ன என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லியாக வேண்டும். ஷாஃப்ட் என்னும் செங்குத்துக் குழி வழியாகச் சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கும் கேஜ், வைண்டிங் எஞ்சினின் கயிற்றில் தொங்குகிறது. பக்கத்து ஷாஃப்டில் இன்னொரு எஞ்சின் கிளம்பினால் வோல்டேஜ் ஒரு கணம் தொய்யும். பிரேக்கர் ரோஷக்காரனாக இருந்தால் அந்தத் தொய்வுக்கே விழுந்துவிடும். பிரேக் பிடிக்கும். கேஜ் நடு ஷாஃப்டில், கும்மிருட்டில், ஆட்களோடு ஆடிக்கொண்டு நிற்கும். உள்ளே இருப்பவன் ஏசுவையும் மாரியம்மனையும் ஒரே மூச்சில் கூப்பிடுவான். அதனால் ஆர்தர் மாதிரி எலெக்ட்ரீஷியன்கள் கொக்கி உட்காரும் இடத்தில் அரத்தால் ரெண்டு இழுப்பு இழுத்து அதைக் கொஞ்சம் ஆழமாக்கி விடுவார்கள். சும்மா தொய்வுக்கெல்லாம் அது விழாது. நிஜமாகவே கரண்ட் போனால்தான் விழும். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை, யாரும் கூலி கொடுத்ததும் இல்லை. கீழே போகிறவன் நம் தெருக்காரன் என்பதால் செய்தார்கள்.

அவன் வேலை பார்த்த ஷாஃப்டை மூடியதும் ஆனிதான் ஆர்தரையும் அவனோடு இருந்த ஆறு பேரையும் ஜெயகரனிடம் சேர்த்துவிட்டாள். அவர்கள் கையோடு பிடியும் வந்துவிட்டது. டெஸ்டிங்கில் அது அகப்படவில்லை. புதுக் கிரீஸ் இருக்கிறவரை ஆழமான பள்ளத்திலிருந்தும் கொக்கி வழுக்கிக்கொண்டு வந்துவிடும். ஒரு கோடை போய் கிரீஸ் காய்ந்தால்தான் அது யோசிக்க ஆரம்பிக்கும்.

“உயிர் இருக்கற எடத்துல பிரேக்கர் சும்மா சும்மா வுழக்கூடாது ஆனி. அது தெரியாதவன் எலெக்ட்ரீஷியனே இல்ல.”

“அங்க வுழுந்தாத்தான் உயிரு,” என்றாள் ஆனி.

அவள் மம்தா போட்ட படத்தைச் சொல்லச் சொல்ல ஆர்தர் மெல்லுவதை நிறுத்தினான். முதலில் நம்பவில்லை. யாரோ பெங்களூர் பொண்ணு உளறுது என்றான். பிறகு தட்டைத் தள்ளி வைத்தான்.

“எனக்கு யாரு சொன்னாங்க? பிரேக்கர்னு குடுத்தாங்க. பிரேக்கருக்கு இன்னா பண்ணணுமோ பண்ணேன். நீ நாளைக்கு இத்த கமிட்டில சொல்லப் போறியா?”

“சொல்லுவேன்.”

“சொன்னா ஆர்டர் போச்சி. நாங்க ஏழு பேரும் ரோட்டுல. மைன்ஸயே இன்னிக்கு மூடுவான் நாளைக்கு மூடுவான்னுக்கினு இருக்காங்க, நாங்க எங்க போயி நிக்கறது? தசரதண்ணனுக்கு மூணு பொண்ணு. நீ கூட்டிக்கினு வந்து சேத்த வேல, நீயே கழுத்தப் புடிச்சி வெளிய தள்ளு.”

“போன எல்லா பிரேக்கர்லயும் பிடி இருக்குதா இல்லயா?”

ஆர்தர் கையைக் கழுவப் போனான். அதுவே பதில். ஒன்று இல்லை, போன அத்தனையும். தூசி என்று எழுதிவிட்டால் இந்த ஒன்றைத் துடைத்து வைத்துவிட்டு மற்றதை அப்படியே விட்டுவிடுவார்கள். அவை அங்கேயே கொக்கியைக் கவ்விக்கொண்டு அடுத்த கோடைக்குக் காத்திருக்கும். ஆனிக்குப் பயமாகத்தான் இருந்தது. வேலை போகும் பயம், தெரு திரும்பிக்கொள்ளும் பயம், இந்த மனுஷன் இனி முகம் கொடுத்துப் பேசுவானா என்ற பயம். ஆனால் எதற்கென்று சொல்லாமலேயே தன் கையால் முத்திரை போட வைத்துவிட்டார்களே என்ற கோபம் அதையெல்லாம் விடப் பெரிதாக இருந்தது.

மறுநாள் கமிட்டி வந்து உட்கார்ந்தது. தலைவர் தங்கவேலு சென்னைக்காரர், பழுத்த அனுபவசாலி, யாரிடமும் குரல் உயர்த்தாதவர். மதியத்துக்குள் கிளம்பி பெங்களூர் போக வேண்டும் என்பதை வந்தவுடனே சொல்லிவிட்டார். ஜெயகரன் மட்டன் பிரியாணிக்குச் சொல்லி வைத்திருந்தார். அறையின் சுவரோரம் ஆர்தரும் தசரதனும் மற்ற ஃபிட்டர்களும் நின்றார்கள், கேட்டால் பிரித்துக் காட்டுவதற்கு.

ஜெயகரன் தூசியைப் பற்றி அழகாகப் பேசினார். எங்கெங்கே படியும், எப்படி இறுகும், கடல் காற்றோடு சேர்ந்தால் என்ன ஆகும் என்று ஆராய்ச்சிக்காரர்களே தோற்றுப்போகும்படி விளக்கினார். தங்கவேலு அவ்வப்போது தலையசைத்தார். தூசியில் ஒரு சௌகரியம் உண்டு, அதற்குச் சொந்தக்காரன் கிடையாது. நிலையத்துக்காரனையும் குற்றம் சொல்ல வேண்டாம், ஒர்க்‌ஷாப்காரனையும் சொல்ல வேண்டாம். துடைத்து வைக்கச் சொல்லிவிட்டுப் பிரியாணிக்குப் போகலாம்.

“தூசி இல்ல சார்,” என்றாள் ஆனி.

“ஆனி, நீங்க உக்காருங்க,” என்றார் ஜெயகரன்.

“நின்னுக்கினே சொல்றேன் சார். லாட்ச்ச அரம் போட்டு ஆழமாக்கியிருக்குது. கிரீஸ் காஞ்சா கவ்விக்கும். இந்த ஒண்ணு மட்டுமில்ல, நாம அனுப்புன எல்லாம் அப்படித்தான். எல்லாத்தயும் திரும்ப வரவழைக்கணும்.”

ஜெயகரன் வியாபாரி. விழுந்த இடத்திலிருந்தே வேறு பக்கம் எழுந்து நிற்கத் தெரிந்தவர். “அப்படியா, இது எனக்கே புதுசு சார்,” என்று தங்கவேலு பக்கம் திரும்பினார். “எவனோ ஒரு ஃபிட்டர் கவனமில்லாம இந்த ஒரு பீஸ்ல கை வச்சிருக்கான். யாருன்னு பார்த்து இன்னிக்கே அனுப்பிடறேன்.”

தங்கவேலு நிம்மதியாக மூச்சு விட்டார். ஒரு பீஸ், ஒரு ஆள். தூசி அளவுக்கு இல்லையென்றாலும் சமாளிக்கக்கூடிய விஷயம்.

“கவனமில்லாமன்னு சொல்லாதீங்க சார்.”

ஆர்தர் சுவரை விட்டு ஒரு எட்டு முன்னால் வந்திருந்தான். ஆனி அவனைப் பார்க்கவில்லை. காலையிலிருந்து அவன் அவளிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

“கவனமாத்தான் அரத்தால ராவினேன். ஒண்ணொண்ணா, வெளிச்சத்துல வச்சிப் பாத்து ராவினேன். ஒண்ண வுடல. எங்க ஊர்ல அதுக்குப் பேரு பிடி குடுக்கறது. மைன்ஸ்ல அதனால ஒருத்தனும் செத்ததில்ல. நீங்க இது வுழணும்னு சொல்லவே இல்லயே சார். சொல்லியிருந்தா நான் அரத்தத் தொட்டிருப்பனா?”

“சார், இவர் அந்தம்மாவோட வீட்டுக்காரர்,” என்றார் ஜெயகரன், மெதுவாக, வெட்கப்படுகிறவர் போல. “ரெண்டு பேரும் பேசி வச்சிக்கிட்டு வந்திருக்காங்க. மத்தவங்கள கேளுங்க. தசரதா, நீ சொல்லு. எல்லாத்துக்கும் இப்படிப் பண்ணுவீங்களா?”

தசரதன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆர்தரைவிட மூத்தவர். பிடி கொடுப்பதில் ஆர்தரைவிடக் கெட்டிக்காரர்.

“எனக்குத் தெரிஞ்சி யாரும் அப்படிப் பண்றதில்ல சார்,” என்றார்.

ஆனிக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. மூன்று பெண்களை வைத்துக்கொண்டு அவர் வேறு என்ன சொல்வார் என்றுதான் நினைத்தாள். ஆனால் அதற்காக விடவும் மனமில்லை.

“யார் சொல்றதயும் நம்ப வேணாம் சார். வெளிய அனுப்பறதுக்கு ரெடியா பெட்டிங்க நிக்குது. நீங்களே ஒண்ணு காட்டுங்க. பிரிச்சிப் பாக்கலாம்.”

தங்கவேலு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மம்தா அதற்குள் எழுந்து வெளியே போயிருந்தாள். அடுக்கின் நடுவிலிருந்து ஒரு பெட்டியைக் காட்டினாள். இரண்டு பேர் தூக்கி வந்து மேஜைமேல் வைத்தார்கள். ஆனி கொக்கியையும் பள்ளத்தையும் பெட்ரோல் ஊற்றிக் கழுவி, கிரீஸ் இல்லாமல் துடைத்தாள்.

“கிரீஸே இல்லாட்டா எந்த பிரேக்கரும் சிக்கத்தானேம்மா செய்யும்,” என்றார் தங்கவேலு. நியாயமான கேள்விதான்.

“அதையும் பாத்துடலாம் சார்.”

ஸ்டோரிலிருந்து அரம் படாத புதுக் கொக்கியும் பள்ளமும் ஒரு ஜோடி வந்தது. முதலில் அதை மாட்டச் சொன்னாள். மாட்டியவன் ஆர்தர். மற்றவர்கள் யாரும் சுவரை விட்டு அசையவில்லை. சொட்டு கிரீஸ் இல்லை. ஆனி பிரேக்கரை ஏற்றி, அதைக் கட்டுப்படுத்தும் கம்பிச் சுருளுக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்தினாள். நிறுத்திய கையோடு பிரேக்கர் படீரென்று விழுந்தது. இன்னொரு தரம் ஏற்றினாள், இன்னொரு தரம் விழுந்தது.

பிறகு பெட்டியோடு வந்த ஜோடியைத் திரும்ப மாட்டினான் ஆர்தர். அது அவன் ராவியதுதான். அவன் விரல்கள் அதைத் தெரிந்துகொண்டதை ஆனி பார்த்தாள். ஏற்றினாள். நிறுத்தினாள்.

ஒன்றும் நடக்கவில்லை.

எல்லாரும் பிரேக்கரையே பார்த்தார்கள். மின்சாரம் இல்லை, விழச் சொல்லியாகிவிட்டது. அது கொக்கியைக் கவ்விக்கொண்டு நின்றது. ஜெயகரன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். ஆர்தரின் முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. அவன் கொடுத்த பிடி அது, நல்ல பிடி, எத்தனையோ பேரை இருட்டில் ஆடாமல் மேலே கொண்டுவந்த பிடி. அது இப்போது விடமாட்டேன் என்று நிற்பதை அவன் தன் கண்ணாலேயே பார்த்துக்கொண்டிருந்தான். ஆனி பிரேக்கரைத் தொடவில்லை.

வெளியே ரோட்டில் ஒரு மணல் லாரி பள்ளத்தில் இறங்கி ஏறியது. தரை லேசாக அதிர்ந்தது. பிரேக்கர் படீரென்று விழுந்தது.

“அந்த நேரத்துக்கு அங்க லாரி வருமா சார்?” என்று கேட்டாள் ஆனி.

தங்கவேலு கைக்கடிகாரத்தை மறந்துவிட்டார். அவர் கெட்டவர் இல்லை, அவசரக்காரர், அவ்வளவுதான். “எல்லாம் திரும்ப வரட்டும்,” என்றார் மம்தாவிடம். “ஒண்ணு விடாம. இன்னிக்கே நிலையத்துக்கு ஃபோன் போடு.” பிறகு ஆர்தரைப் பார்த்து, “காரணம்னு ஃபிட்டரோட தப்புன்னுதான் எழுத முடியும். வேற வழியில்ல,” என்றார்.

“எழுதுங்க சார்,” என்றாள் ஆனி. “டெஸ்டிங்ல அத்த வுட்டது நான், அதையும் எழுதுங்க. எதுக்குன்னே சொல்லாம வேல குடுத்தது யாருன்னும் எழுதுங்க.”

“அது பாதுகாப்பு விதிம்மா. எல்லாத்தையும் எல்லார்கிட்டயும் சொல்லிட முடியாது.”

“உலை எங்க இருக்குது, எப்படி இருக்குதுன்னா நாங்க கேட்டோம்? வுழணுமா நிக்கணுமான்னு ஒரு வார்த்த. அதுல இன்னா சார் ரகசியம்? அந்த ஒரு வார்த்தைய மை பூசி மறச்சிட்டு, இப்ப அரம் புடிச்ச கைய மட்டும் காட்டறீங்க. மூணயும் எழுதுங்க. இல்லன்னா நான் கோலாருக்குப் போயி கலெக்டர் ஆபீஸ் வாசல்ல நின்னு சொல்லுவேன். எனக்குக் கத்தறதுக்கு வெட்கம் கிடையாது.”

மை பூசச் சொன்னவர்களில் ஒருவர் தங்கவேலு. அவர் மேஜைமேல் கிடந்த புதுக் கொக்கியை எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். பிறகு மம்தாவிடம், “மூணையும் எழுது,” என்றார். மம்தா ஏற்கெனவே எழுதிக்கொண்டிருந்தாள். பிரியாணியை யாரும் சாப்பிடவில்லை.

கமிட்டியின் கார் கேட்டைத் தாண்டியதும் ஜெயகரன் இருவரையும் கூப்பிட்டார். திட்டவில்லை. அணுமின் ஆர்டர் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது, திரும்ப வருமோ வராதோ, மற்றவர்களை அரைச் சம்பளத்தில் வைத்துப் பார்க்கிறேன், நீங்கள் ரெண்டு பேரும் நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். ஆனி முத்திரையை எடுத்து அவர் மேஜைமேல் வைத்தாள். பிறகு வெளியே வந்துவிட்டாள்.

ஆண்டர்சன்பேட்டை வரை இருவரும் நடந்தார்கள். ஆர்தர் நாலடி முன்னால், ஆனி பின்னால். அவன் கோபமாக இருக்கிறானா, அழுகிறானா என்று முதுகைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. கடைத்தெரு டீக்கடையில் ஒர்க்‌ஷாப் ஆட்கள் அதற்குள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். இவர்களைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். தசரதன் மட்டும் கிளாஸைக் கையில் பிடித்தபடி எழுந்தார்.

“நல்லா இரு தங்கச்சி. எங்க சோத்துல மண்ணப் போட்டுட்ட.”

ஆனி நின்றாள். தெருவே பார்க்கிறது என்று தெரிந்தது. பார்க்கட்டும் என்று இருந்தது.

“அங்கயும் சோறு திங்கறவங்கதான் இருக்காங்கண்ணா. உலையச் சுத்தி ஊருங்க இருக்குது. உங்க வூட்ல மூணு பொண்ணுங்க இருக்கற மாதிரி அங்கயும் இருக்கும். அவங்களுக்காகத்தான் சொன்னேன். திரும்பக் கூப்ட்டு கேட்டாலும் அதேதான் சொல்லுவேன்.”

“உனக்கின்னா, வாய் இருக்குது பேசுற.”

“தசரதண்ணா,” என்றான் ஆர்தர். திரும்பி வந்து ஆனியின் பக்கத்தில் நின்றிருந்தான். “மண்ணப் போட்டது நானு. கூட நீயும்தான். நாம போட்டத அவ எடுத்தா. திட்டணும்னா என்னத் திட்டு, நான் இங்கயேதான் உக்காந்துக்கினு இருப்பேன்.”

ஆர்தர் அவர்களுடைய பெஞ்சிலேயே இடம் பார்த்து உட்கார்ந்தான். பக்கத்தில் இருந்தவன் நகர்ந்துகொள்ளவும் இல்லை, எழுந்து போகவும் இல்லை. ஆனியையும் உட்காரச் சொன்னான். அந்தக் கடையில் பெண்கள் உட்கார்ந்து டீ குடிப்பது வழக்கமில்லை. அவள் உட்கார்ந்தாள்.

“ரெண்டு டீ,” என்றான் ஆர்தர்.